ரேடியோவில் அக்கா ஊர்

ஜூஜுவாடியில் மகள் வீட்டில் இருக்கிறேன். சிலோனில் தேர்தல் நடந்தால் மகள் கைப்போனில் முடிவுகளைத் திறந்து என் மடியில் வைத்துவிட்டுச் சமையல் வேலையைப் பார்ப்பாள். யாருக்கு எவ்வளவு என்று கலர் கலராக வந்துகொண்டே இருக்கும். அம்மாவுக்குப் பிறந்த நாட்டு நியூஸ் பார்க்கப் பிடிக்கும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. நானும் இல்லை என்று சொன்னதில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

நாங்கள் சிலோனிலிருந்து ஓசூர் பக்கத்துப் பேரிகைக்கு வந்து சேர்ந்தபோது நான் சின்னப் பெண். தேயிலைத் தோட்டத்து ஆட்களில் ஒரு பங்கை அந்த நாடு வைத்துக்கொள்வது, மிச்சத்தை இந்தியா எடுத்துக்கொள்வது என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்திருந்தன. அப்பா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டார் அங்கேயே இருக்க எழுதிக்கொடுத்தார்கள். சொந்த ஊர் எது என்று ஆபீசில் கேட்டதற்கு, அப்பா தன் தாத்தா வாயில் கேட்ட ஊர்ப் பேரைச் சொன்னார். வந்து பார்த்தால் சொந்தக்காரர்கள் வீட்டில் தெலுங்கு பேசினார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு வார்த்தை வராது. அவர்கள் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, சிலோன் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று அக்கறையாக விசாரித்து, வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார்கள்.

சந்தைப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பாய்தான் அப்பாவுக்கு மூட்டை தூக்கும் வேலை கொடுத்தார். அவர் கடையில் ஒரு ரேடியோ இருந்தது.

அப்போது தோட்டங்களில் பஞ்சம். நாங்கள் கப்பல் ஏறும்போதே மரவள்ளிக் கிழங்கும் கீரையும்தான் சாப்பாடு. அக்காவுக்குக் கைக்குழந்தை. தாய்ப்பால் வற்றிவிட்டது என்று, எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் சேதி சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மா தட்டின் முன்னால் உட்கார்ந்தால் உடனே சாப்பிடமாட்டாள். கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். இருக்கிற அரசாங்கம் போய்விட்டால் தோட்டத்துக்கு அரிசி வரும், அக்கா வயிறு நிறையச் சாப்பிடுவாள் என்று அப்பா நம்பினார். அதனால் அங்கே தேர்தல் வந்தபோது, கடல் தாண்டி எங்கள் குடிசைக்கு ஜுரம் கண்டது.

முடிவு சொல்கிற அன்றைக்கு விடிந்ததும் அப்பா என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார். பாய் சிலோன் ஸ்டேஷனைப் பிடித்து வைத்திருந்தார். கரகரப்புக்கு நடுவில் ஒருவர் ஊர் ஊராகப் பேர் சொல்லி முடிவு படித்துக்கொண்டிருந்தார்.

“என்னாய்யா சிலோனு, உங்க ராஜ்ஜியத்துல யாரு முந்துறாங்க?” என்றார் பாய்.

“நம்மாளுங்கதான் பாய்.”

“எங்கூட்டு மூட்டையத் தூக்கிக்கினு கெடக்குற. அங்க உனக்கு யாருய்யா நம்மாளு?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்த நேரம் பார்த்து அக்கா ஊர்ப் பேர் வந்தது. அப்பா தோளில் இருந்த மூட்டையை அப்படியே கீழே விட்டார். “எம் மக ஊரு பாய்! எம் மக ஊரு!” என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. எனக்குக் கூச்சமாகப் போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

“உம் மக போட்ட ஓட்டும் அதுல இருக்குமில்ல?” என்றார் பாய்.

“இல்லாமலா பாய்!” என்றார் அப்பா.

அக்காவுக்கு அங்கே ஓட்டுக் கிடையாது. எழுதிக்கொடுத்ததோடு சரி, பிரஜை என்று யாரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே அப்பா பேரும் எந்த லிஸ்டிலும் ஏறியிருக்கவில்லை. இதெல்லாம் தெரிந்த மனிதர்தான் அன்றைக்கு அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

அரசாங்கம் மாறிவிட்டது. அங்கே நல்ல காரியம் என்றால் பால்சோறு ஆக்குவார்கள். பச்சரிசியைத் தேங்காய்ப் பாலில் குழைய வேகவைத்து, தட்டில் பரப்பித் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். களி கிண்டுகிற அந்தத் தெருவில் அம்மா அரிசியும் தேங்காயும் கைமாற்று வாங்கிப் பால்சோறு ஆக்கினாள். நான் வீடு வீடாகக் கொண்டுபோனேன்.

பக்கத்து வீட்டு அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, எட்டி எங்கள் வாசலைப் பார்த்துக் கேட்டாள்: “ஏம்மா சிலோங்காரம்மா, என்னா விசேசம்? மக குந்திக்கிட்டாளா?”

நான் வயசுக்கு வந்துவிட்டேனா என்று கேட்டதும் எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

“இல்லீங்க, அங்க எங்கூர்ல கவருமெண்டு மாறிருச்சுங்க” என்றாள் அம்மா.

“இங்கயுந்தான் மாறுச்சு. எங்கூட்டு அடுப்புல இன்னும் பூனதான் படுத்துக்கினு இருக்குது.”

அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். ஒரு துண்டை எடுத்து, எந்தத் தயக்கமும் இல்லாமல் வாயில் போட்டுக்கொண்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டதைப் பார்த்த சந்தோஷத்தில் நானும் இரண்டு துண்டு கூடச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். கடைக்குப் போனால் ரேடியோ சத்தத்தைக் காணோம். அப்பா கேட்டார்.

“பேட்டரி போயிருச்சுய்யா” என்றார் பாய். அப்பா முகத்தைப் பார்க்காமல் துவரம்பருப்பை அளந்துகொண்டிருந்தார். “ஓசூர் போனாதான் வாங்கியாறணும்.”

சாயங்காலம் எண்ணெய் வாங்கப் போனேன். ரேடியோ நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது. ஊரடங்கு, கலவரம், தோட்டம் என்று என்னவோ காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் பாய் அதைத் திருகி அணைத்துவிட்டார். இவ்வளவு கஞ்சமா இந்த மனிதர், நாங்கள் கேட்டால் பேட்டரி கரைந்துவிடுமா என்று எனக்கு ஆத்திரம்.

வீட்டுக்கு வந்து, “பாய் கடையில ரேடியோ பேசுதுப்பா” என்றேன்.

அப்பா தோள் துண்டை உதறிக் கொடியில் போட்டார். பிறகு, “அது வேற ரேடியோவா இருக்கும்” என்றார்.

அதன் பிறகு தினமும் வேலைக்குப் போனதும் அப்பா முதலில் கேட்பது இதுதான்: “பேட்டரி வாங்கிட்டீங்களா பாய்?”

“இன்னும் இல்லய்யா.”

“சரிங்க பாய்.”

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டைக்குக் குனிவார். பாய் கொஞ்சம் மூச்சு விடுவார்.

கடைசியில் அம்மாவின் தம்பி, அங்கேயே தோட்டத்தில் இருந்த என் மாமா, ஒரு மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பை இல்லை, காலில் செருப்பு இல்லை. கலவரத்தில் தோட்டத்து வீடுகளுக்கு வரிசையாகத் தீ வைத்தார்கள் என்றார். அக்கா வீட்டுக்காரர் மட்டும் வெளியே வந்தார் என்றார். குழந்தையைப் பற்றி அம்மா கேட்டாள். மாமா குனிந்து காலில் இருந்த புழுதியைத் துடைத்தார்.

அதற்கு முந்தின நாள்கூட நான் அப்பாவோடு கடையில் இருந்தேன். வழக்கம் போல அப்பா கேட்டார். வழக்கம் போல பாய் இல்லை என்றார். பாயின் தலைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில், சோப்புக் கட்டிகளுக்குப் பக்கத்தில், விற்பதற்கென்று புதுப் பேட்டரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அப்பா கவனிக்கவில்லை போல என்று நினைத்து, நான் கையை நீட்டிக் காட்டப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

விலை ரொம்ப ஜாஸ்தியோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.