வழிகாட்டியின் கையெழுத்து

என் அக்கா சரித்திரத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்தபோது என் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது அவன் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டு வருகிறான். அக்கா இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

பழைய சிறைச்சாலை ஒன்றில் கைதிகளுக்கு என்ன சாப்பாடு போட்டார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. "செத்துப்போனவன் என்ன தின்னான்னு தெரிஞ்சு நீ என்னடி பண்ணப்போறே?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். எழுத்துத் தேர்வு, பத்திரிகைகளில் கட்டுரைகள், துறையில் எல்லோர் முன்னாலும் சுருக்கம் வாசிப்பது, எங்கேயாவது பார்த்து எழுதினாளா என்ற சோதனை என்று கேட்டதையெல்லாம் முடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள்.

மிச்சம் ஒன்றே ஒன்று. இது அவளுடைய சொந்த வேலைதான் என்று வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்குள் அவருக்கு மறதி வந்துவிட்டது. அவரால் முடியாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வேறு ஆளை நியமிப்பதாகத் துறையில் சொன்னார்கள். அக்கா தயங்கித் தயங்கிப் பேராசிரியரின் மனைவியிடம் கேட்டாள்.

"வயசாயிடுச்சு, அவ்வளவுதாம்மா. படிச்ச மனுஷருக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நானே எழுதி வாங்கணுமா?" என்று அந்த அம்மா அழுதார். அக்கா அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்பது பேராசிரியரின் கொள்கை. பாழாய்ப்போன மறதி அதை மட்டும் விட்டுவைத்திருந்தது. பென்சிலோடு முதல் அத்தியாயத்தை ரசித்துப் படிப்பார். மறுநாள் போனால் மறுபடியும் முதல் அத்தியாயம்.

"பேசாம கையெழுத்துப் பக்கத்தை மட்டும் நீட்டு. 'இங்க போடுங்க சார்'னு சொல்லு. போட்டுடுவார்" என்றேன்.

"படிக்காம போட வெச்சா அதுக்குப் பேரு கையெழுத்தா?"

"அப்ப பட்டத்தை மறந்துடு. எனக்கென்ன வந்தது!"

பதிவு காலாவதியாகும் நாள் வந்தது. இனி நீட்டிப்பு கிடையாது. சாயங்காலத்துக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் பட்ட கஷ்டமெல்லாம் வீண். ஒரே மூச்சில் படித்து முடிக்கும்படி முழு ஆய்வேட்டையும் சில பக்கங்களில் சுருக்கி எடுத்துக்கொண்டாள் அக்கா. நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன்.

அன்று அவர் தெளிவாக இருந்தார். வரிவரியாகப் படித்தார். தப்பாக இருந்த ஒரு வருஷத்தைத் திருத்தினார். பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. ஆனா நான் போட முடியாது."

"ஏன் சார்?"

"என் மாணவி ஒருத்தி இதையேதான் எழுதிட்டிருக்கா. மாடா உழைக்கிறா. நீங்க முந்திக்கிட்டீங்கன்னா, இதுல புதுசா ஒண்ணுமில்லைன்னு அவளுதைத் தள்ளிடுவாங்க. அந்தப் பாவத்தை நானே பண்ணணுமா?"

அக்கா அவர் பக்கம் நகர்ந்தாள். "அந்த மாணவி நான்தான் சார்."

நரைக்கத் தொடங்கிவிட்ட அவள் தலையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "விளையாடாதீங்க. அவ சின்னப் பொண்ணு. மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாவித்தான் ஏறுவா."

"சார், இவதான் அவ! நல்லாப் பாருங்க!" என்று நான் கத்தியேவிட்டேன். அவர் மிரண்டுபோய் உள்ளே திரும்பி மனைவியைத் தேடினார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். தாள்களை ஒழுங்காக அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வாசல்வரை பின்னாலேயே வந்தார் மனுஷர். "அவளை எங்கயாவது பாத்தீங்கன்னா, இன்னொருத்தர் எழுதி முடிச்சுட்டாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. மனசு ஒடைஞ்சிடுவா."

"சொல்ல மாட்டேன் சார்" என்றாள் அக்கா.