சீர்வரிசையில் நாலு டியூப் லைட்

என் தம்பியின் காதுகுத்துக்கு மாமா கொண்டுவந்த சீரைப் புதுச்சத்திரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். தேங்காய், பழம், வெல்லம், தம்பிக்குப் பட்டுச் சட்டை எல்லாம் முறைப்படி தட்டுகளில் வந்தன. கூடவே நாலு டியூப் லைட்டுகளும் மேளதாளத்தோடு வந்தன. எந்தத் தட்டிலும் அடங்காததால், மாமா அவற்றைக் கரும்புக் கட்டு மாதிரித் தோளில் சாத்திக்கொண்டு நடந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஓர் எலெக்ட்ரிக் கடையில் வேலை. குண்டு பல்பைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"பாதிக் கரண்டு சூடாவே வீணாப் போகுதுங்க மச்சான். தொட்டுப் பாருங்க, தோசை சுடலாம்" என்றார் அப்பாவிடம்.

அப்பா தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டார். வெளிச்சத்தைவிட, கரண்டு மிச்சமாகும் என்ற பேச்சு அவருக்குப் பிடித்துவிட்டது. மதியத்துக்குள் வீட்டில் இரண்டு டியூப் லைட் மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டதும் அவை நாலைந்து தடவை கண் சிமிட்டி, போக்குக் காட்டி, பிறகுதான் எரிந்தன. பளீரென்ற வெளிச்சத்தில் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பாவின் நரையும் ஒன்றாக வெளிப்பட்டன. நாங்கள் கைதட்டினோம். அப்பா மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மிச்சம் இருந்த இரண்டையும் எங்கே மாட்டுவது என்று பார்த்த மாமாவின் கண் கோழிக் கொட்டகையில் விழுந்தது.

அந்தக் கொட்டகை அம்மாவுடையது. முதல் தடவை வாங்கிய குஞ்சுகள் குளிரில் செத்துப்போயின. இந்தத் தடவையும் பிழைக்காவிட்டால் கொட்டகையில் மாட்டுக்குச் சோளத்தட்டு அடுக்கிவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். முந்நூறு குஞ்சுகள் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வட்டமாகக் கட்டிய தட்டிக்குள் ஒரு பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்தாற்போல் தொங்கவிட்டு, அதனுள் நாலு குண்டு பல்புகளை எரியவிட்டிருந்தாள் அம்மா. தை மாதம். எழுந்ததும் அவள் முகம் கழுவுவதற்கு முன்னால் போய்ப் பார்ப்பது அந்தக் குஞ்சுகளைத்தான்.

அம்மா அடுப்படியில் விருந்துச் சமையலில் மூழ்கியிருந்தாள். மாமா நாலு பல்புகளையும் கழற்றி என் பாவாடையில் போட்டார். துணியைத் தாண்டி வயிற்றில் சுட்டது. அவற்றைத் தவிட்டுக் கூடையில் பத்திரமாகப் புதைத்து வைத்தேன். டியூப் லைட்டுகள் கூரைச் சட்டத்தில் ஏறின. கொட்டகை முழுக்கப் பகல் மாதிரி ஆயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் குஞ்சுகளை வெள்ளை வெளிச்சத்தில் பார்க்க ஆசையாகப் போனேன். கீச்கீச்சென்று ஒரே கூச்சல். தட்டியின் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். சில்லென்று இருந்தது. உயரே எரிந்த விளக்கிலிருந்து சூடு எதுவும் கீழே வரவில்லை.

பந்தலில் சனம் சாப்பிட உட்கார்ந்திருந்தது. மாமா நடுவில் நின்று டியூப் லைட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய், "அம்மா, மாமா லைட்டுனால குஞ்செல்லாம்..." என்று தொடங்கினேன். அம்மாவின் சாம்பார்க் கை என் வாயைப் பொத்தியது. மிச்சத்தை அவள் காதில்தான் சொல்ல முடிந்தது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். கொட்டகையை ஒரு தடவை பார்த்தாள், பந்தல் நடுவில் நின்ற தன் தம்பியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஏன்டா தம்பி, கோழிக்குஞ்சுக்கு எதுக்குடா இத்தன அழகான வெளிச்சம்? நம்ம சனம் பெட்ரோமாக்ஸ்ல சாப்புடுது, குஞ்சு டியூப் லைட்டுல மேயுதா? உன்ற சீரைக் கொண்டாந்து பந்தல்ல கட்டு சாமி!"

பந்தி முழுக்க "அதான, அதான" என்றது. மாமா ஓடினார். அவர் கழற்றக் கழற்ற, தவிடு ஒட்டிய பல்புகளை அம்மா பழைய இடத்தில் மாட்டினாள். இங்கே பந்தலில் டியூப் லைட் கண் சிமிட்டி எரிந்ததும் சனம் இலையில் கை வைத்தபடி ஆரவாரம் செய்தது. அங்கே கூடைக்கடியில் மூலைக் குவியல் மெல்லக் கலைந்து, குஞ்சுகள் பரவிப் படுத்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. அம்மா தட்டி ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு அன்றைக்கு அம்மா மேல் அப்படி ஒரு கோபம். கண்டுபிடித்தது நான், பேர் வாங்கியது மாமா. அவர் செய்த காரியத்தை நாலு பேர் முன்னால் கேட்க விடாமல் வாயைப் பொத்திவிட்டாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஆடி நோம்பிக்கு மாமா மறுபடி வந்தார். பையில் பலகாரத்துக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய நாலு குண்டு பல்புகள்.

"பழசு பீஸ் போயிருச்சுன்னா வேணுமில்லீங்க்கா" என்று தரையைப் பார்த்துக்கொண்டே நீட்டினார். அம்மா ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

நான் விடுவேனா? "குண்டு பல்பு கரண்டை வீணாக்கும்னு சொன்னீங்களே மாமா?" என்றேன். மாமா என் தலையில் குட்டினார். அம்மா சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தான் சொன்னதையே மறந்துபோகிற மாமா, நடந்ததையே மறந்துபோகிற அம்மா, இந்தக் குடும்பத்தில் ஞாபகசக்தி எனக்கு ஒருத்திக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, பல்புகளைப் பாவாடையில் ஏந்திக் கொட்டகைக்கு ஓடினேன்.