ஏலக்காய்க்கு ஒரு பெட்ரூம்

இன்று காலையில் மகள் ஒரு போட்டோ அனுப்பினாள்.

பாங்காக்கில் சர்வீஸ் அபார்ட்மெண்டாம். பதினெட்டாவது மாடியாம்.

"யம்மா, ரெண்டு பெட்ரூமு, கிச்சனு, தெனமும் துண்டு மாத்திக் குடுக்குறாங்க! நீயெல்லாம் இதைக் கனவுலகூடப் பாத்துருக்க மாட்ட!"

அடியே! நீ பிறப்பதற்கு முன்பே உன் ஆத்தா சிங்கப்பூரில் அப்படி ஒரு வீட்டில் ஐந்து நாள் இருந்தவள்!

(படிப்பு அஞ்சாம் கிளாசு. பிளைட்டில் ஜன்னல் சீட்டு!)

இந்தக் கதையை என் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். நான் சொன்னதே இல்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். போடிக்கு மேலே மலைச்சரிவில் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். மழை ஏமாற்றியதில், அதை விற்றுவிடலாம் என்று மாமனார் முடிவே செய்துவிட்டார்.

"ஒரே ஒரு தடவை வாய்ப்புக் குடுங்கப்பா" என்று இவர் கெஞ்சி வாங்கினார்.

சிங்கப்பூரில் மொத்த மளிகைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி, "சாம்பிள் கொண்டா. பிடித்திருந்தால் வருஷா வருஷம் உன் காய் முழுக்க நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார். வெளியூர் ஆட்களைத் தங்கவைக்க அவர் எடுத்திருந்த வீடுதான் அது.

காய் பிடித்தால் தோட்டம் தங்கும். இல்லையென்றால் போகும். அவ்வளவுதான் கணக்கு.

இரண்டு கிலோ சாம்பிள். ஒவ்வொரு காயும் நான் பொறுக்கியது. கிளிப்பச்சை! வெளிச்சம் பட்டால் அந்தப் பச்சை வெளுத்துவிடும் என்று இருட்டறையில் உட்கார்ந்து தரம் பிரித்தேன்.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் பையில் கையை விட்டுப் பார்த்தார்.

"ஏ புள்ள, காய் வேர்த்துருக்கு. வாசம் கெட்டுரும். வெரசாப் பரப்பு."

"எங்கிட்டுப் பரப்ப? தரை பூராம் கம்பளியாக் கெடக்கு!"

"கட்டில்ல பரப்பு!"

வெள்ளை மெத்தையில் இவர் வேட்டியை விரித்துக் காயைப் பரப்பினோம். திரையை மூடினோம். ஏசியைப் போட்டோம்.

காய்க்கு ஒரு பெட்ரூம், எங்களுக்கு ஒரு பெட்ரூம். (எங்கள் ரூமில் ஏசி போடவில்லை. பயம்!)

வீடு துடைத்துத் துண்டு மாற்ற ஒரு அக்கா வருவார். பேர் லெட்சுமி. நம்ம தமிழ் ஆள்தான். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன தங்கச்சி, ஏலக்காய்க்கு ஏசியா! எங்க வீட்டுல எனக்கே காத்தாடிதான்!"

"இது பணக்காரக் காயிக்கா. பேசுனா தொந்தரவுன்னு கோவிச்சுக்கும்!"

அன்றிலிருந்து அந்த அறைப் பக்கம் அவர் போகவே இல்லை.

போனது நான்.

இவர் பகலெல்லாம் முதலாளியின் கடைக்குப் போய்விடுவார். காய் இருந்த அறையிலிருந்துதான் கடல் தெரியும். பிறந்ததிலிருந்து மலையைத் தவிர ஒன்றும் பார்க்காதவள் நான். கொஞ்சம்போலத் திரையை விலக்கினேன். கப்பல்! ஒன்று இரண்டு இல்லை, சந்தை நாளில் மாட்டு வண்டி நிற்கிற மாதிரி வரிசையாக!

முழுசாகத் திறந்துவிட்டேன்.

ஏசியில் அறை ஜில்லென்று இருந்தது. நமக்கு வெயில் என்றால் சூடுதானே? குளிர்கிற இடத்தில் வெயில் ஏது என்று நினைத்துவிட்டேன். இரண்டு நாள், சாயங்காலம் வரை கப்பல் பார்த்தேன். இவர் வரும் நேரத்துக்குத் திரையை மூடிவிடுவேன்.

நான் நிற்பதை அக்கா கூடத்திலிருந்தே இரண்டு தடவை பார்த்தார். அவருக்குக் காயைப் பற்றி என்ன தெரியும்?

மூன்றாம் நாள் காலை முதலாளி வந்தார். கட்டிலில் ஒரு காயை எடுத்தார். திருப்பினார்.

அடிப்பக்கம் கிளிப்பச்சை. மேல்பக்கம் வைக்கோல்.

"வெயில் பட்ட காய் தம்பி. இது ஆகாது."

இவர் திரையைப் பார்த்தார். பிறகு துண்டோடு நின்ற அக்காவைப் பார்த்தார்.

"தெனம் நீங்கதான வர்றீங்க? யாரு தொறந்தது?"

போடியில் என் வாய்க்குப் பயந்து பஸ்சு கண்டக்டர்கூட மரியாதையாகச் சில்லறை கொடுப்பான். அன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"நாந்தாண்ணே. கண்ணாடி தொடைக்கத் தொறந்தேன். மூட மறந்துட்டேன்."

பிறகு அடுப்படியில் என் காதோரம் சொன்னார்:

"அழாத தங்கச்சி. நீ அவருகூடக் காலம் பூராம் இருக்கணும். எனக்கென்ன, நீங்க நாளைக்கழிச்சுப் போயிருவீங்க."

முதலாளி அந்தக் கட்டிட ஆபீசுக்குப் போன் பண்ணிப் புகார் சொல்லப் போவது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுநாள் துண்டு கொண்டுவந்தது ஒரு மலாய்ப் பெண். "லெட்சுமி அக்கா?" என்று கேட்டேன். இல்லை என்று கையை ஆட்டினாள். அந்தக் கைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

ஊருக்கு வந்தோம். தோட்டம் போனது. யாரோ ஒருவரின் ஜீப்பு இப்போது அந்தச் சரிவில் ஏறுகிறது.

ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இவர் சொல்வார்: "சிங்கப்பூருல ஒரு பொம்பள சன்னல் தெரையத் தொறந்தா, போடியில எந்தோட்டம் போச்சுப்பா!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சொல்லியிருந்தால் திட்டியிருப்பார். இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார். மூன்றாம் நாள் கப்பல் எத்தனை என்று கேட்டிருப்பார். அப்படிப்பட்ட மனுஷன்தான். அது தெரிந்தும் நான் சொல்லவில்லை. அவர் போய் இந்த ஆடியோடு மூன்று வருஷம்.

மகளுக்கு ஒரு வரிதான் பதில் போட்டேன்: "துண்டு கொண்டுவர்ற பிள்ளை பேரைக் கேட்டியா?"

இன்னும் பதில் வரவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் நம்ம ஆட்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், புருவத்தில் தழும்போடு ஒரு லெட்சுமி அக்கா இருக்கிறாரா? ஏலக்காயால் வேலை போனது என்று எப்போதாவது சொன்னாரா?

இருந்தால் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பக்கத்தில் அவர் பிள்ளைகளும் இருக்கட்டும்.

திரையைத் திறந்தது நான்.