கண்ணாடிக் குழாய்க்கு வெச்ச சந்தனம்

லாஸ்பேட்டையில ஒரு காலேஜில கூட்டிப் பெருக்கற வேலை எனக்கு. பசங்களுக்கு நான் ஆயா. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா பிசிக்ஸ் லேப்ல எந்த அலமாரியில என்னா இருக்குதுன்னு கண்ண மூடிக்கினே சொல்லுவேன்.

அதுல ஒரு அலமாரி பூரா கண்ணாடிக் குழாய். பிரெஞ்சுக்காரன் காலத்துதாம். ஒண்ணு ஜிலேபி கணக்கா சுத்திக்கினு இருக்கும். ஒண்ணு நேரா, என் முழங்கை நீளம். உள்ள இருந்த காத்த உறிஞ்சிட்டு, வேற ஏதோ வாயுவ துளியூண்டு வுட்டு அடைச்சிருக்குதாம். ரெண்டு மொனையிலயும் கரண்டு குடுத்தா ரோசா கலர்ல வெளிச்சம் ஓடும் பாரு, அடேங்கப்பா! எங்க குருசுக்குப்பத்துல திருழாவுக்குக் கட்டுற சீரியல் செட்டெல்லாம் அதுங்கிட்ட நிக்காது. என் மருமவகிட்ட சொன்னா நம்பவே மாட்டேங்கறா, விடு.

போன ஆயுத பூசையப்போ, புது சாமானுக்கு எடம் வேணும்னு அந்த அலமாரியப் பாக்க பிரின்சிபால் வராருன்னாங்க. "எரிஞ்சா வெச்சுக்கோங்க, எரியலன்னா கழிச்சிடுங்க"ன்னுட்டாராம். லேப் மேடத்துக்கு மூஞ்சில ஈயாடல. பெத்த புள்ள கணக்கா அதுங்கள வெச்சிருக்கறவங்க.

காலையிலயே நான் தராசு, மைக்ராஸ்கோப்பு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். நேர் குழாயத்தான் எரிய வெச்சி காட்டப் போறாங்க, பாவம், அதுக்கு மட்டும் கொஞ்சம் கூடவே செய்வோம்னு இந்த மொனையிலருந்து அந்த மொன வரைக்கும் சந்தனத்தக் கொழகொழன்னு இழுத்து வுட்டேன்.

பிரின்சிபால் வந்தாரு. மேடம் சுவிச்சப் போட்டாங்க. உள்ள ஒண்ணும் காணோம். மேலதான் சட்டு சட்டுன்னு தீப்பொறி.

"அவ்ளோதானா மேடம்?"ன்னாரு.

மேடம் சுவிச்ச அணைச்சிட்டு குனிஞ்சி பாத்தாங்க. அப்பறம் என்னைப் பாத்தாங்க.

"ஆயா, இது யாரு வேல?"

"நான்தாம்மா. நல்லா எரியட்டுமேன்னு..."

"நல்லா எரிய வெச்சீங்க போங்க! ஈரச் சந்தனத்து மேலயே கரண்டு ஓடிடுது. உள்ள எங்க போவும்?"

தண்ணி தொட்டு தொடச்சி, முந்தானையால ஈரம் போவத் தேச்சேன். மேடம் திரும்பப் போட்டாங்க. ஜம்முனு வந்துச்சி பாரு, மொன தொட்டு மொன வரைக்கும் ரோசா வெளிச்சம்!

பிரின்சிபால் கிட்ட வந்து பாத்தாரு. "இன்னொரு தரம் போடுங்க"ன்னாரு. மூணு தரம் போடச் சொன்னாரு, சின்னப் புள்ள மாதிரி. அப்பறம், "புது சாமானுக்கு வேற ரூம் பாக்கலாம்"னுட்டுப் போயிட்டாரு.

மேடம் எனக்கு ரெண்டு பங்கு சுண்டல் குடுத்தாங்க. திட்டிக்கினேதான்.