மூன்றாம் நிமிடத்தில் யாரும் இல்லை

வரிசையில் ஒருத்தி உள்ளே போனதும் இடது உள்ளங்கையில் ஒரு கோடு. நான்கு கோடு சேர்ந்தால் ஐந்தாவது குறுக்கே. பள்ளிக் கழிப்பறை வாசலில் மற்ற பெண்கள் கால் மாற்றி நின்று தவிக்கையில், பதினொன்றாம் வகுப்பு மீட்டர் மட்டும் பேனாவும் கையுமாக நிற்பாள். அவளுக்கும் அவசரம்தான், ஆனாலும் எண்ணிக்கை தவறாது. தன் முறை வந்து முடிந்ததும் விரல் நுனியில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஓடுவாள். சோப்புப் போட நேரம் ஏது? கோடுகள் மாலை வரை அழியாது.

மீட்டர் என்பது தோழிகள் வைத்த பெயர். கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கணக்கு ஆசிரியர் ஒரு பாடவேளையில் நாற்பத்தொரு முறை "புரியுதா" என்கிறார் என்பதை அவரிடமே போய்ச் சொன்னவள். "வியாழக்கிழமை மட்டும் அம்பதைத் தாண்டிடுது சார். அன்னிக்கு எங்களுக்கு நிஜமாவே புரியல." நல்ல மனிதர், சிரித்துவிட்டார்.

கழிப்பறைக் கணக்கு மட்டும் விளையாட்டில்லை. இடைவேளை பத்து நிமிடம். இருப்பவை இரண்டே அறைகள். வகுப்போ மூன்றாவது மாடியில். மணி அடித்தபின் மூச்சிரைக்க வருகிறவள் பெயர் தாமதப் பதிவேட்டில் ஏறும். பத்து முறை ஏறினால் வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும். மீட்டருக்கு ஒன்பது ஆகியிருந்தது. வீட்டில் இருப்பது அம்மா ஒருத்தி. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். "பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்திட்டு வரவாடி? இல்ல, உள்ள இருக்கிற அம்பது பேரையும் ஏத்திக்கிட்டே உங்க ஸ்கூலுக்கு வந்துடவா?" என்று கேட்டாள். சிரிப்பாகத்தான் கேட்டாள், முகத்தில் சிரிப்பில்லை.

புள்ளியியல் வகுப்பில் அப்போது நடந்த பாடம், திரட்டிய விவரத்தைச் சுருக்கிச் சொல்வதும் படமாக வரைவதும். எதைத் திரட்டுவது என்பது அவரவர் விருப்பம். மீட்டர் நாற்பது பெண்களைக் குறித்தாள்: யார் எத்தனை நிமிடம் காத்து நின்றாள் என்று. இடைவேளையில் போன இருபது பேர், வகுப்பு நடுவே அனுமதி கேட்டுப் போன இருபது பேர். நேர்மைக்காரி, ஒருத்தியையும் விடவில்லை. கூட்டி வகுத்தாள். சராசரி மூன்றேகால் நிமிடம். அந்த ஒற்றை எண்ணை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கு ஓடினாள்.

"மூணேகால் நிமிஷம்தானே? அதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" தாள் திரும்பி வந்துவிட்டது.

தான் போட்ட கணக்கே தன் காலை வாரிவிட்டதே என்று அன்று மாலை அழுதாள். அழுதுகொண்டேதான் படத்தையும் வரைந்தாள், வீட்டுப்பாடமாயிற்றே. கீழே நிமிடங்கள், மேலே ஒரு பெண்ணுக்கு ஒரு புள்ளி. பூஜ்யத்தின் மேல் இருபது. ஆறின் மேல் பத்து. ஏழின் மேல் பத்து. மூன்றின் மேல் வெறும் தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த வெற்றிடத்தையே பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் படத்தை மேசைமேல் விரித்தாள்.

"மேடம், இதுல மூணு நிமிஷம் நின்ன பொண்ணைக் காட்டுங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். "இங்க யாருமே இல்லையே?"

"அதான் மேடம். வகுப்பு நடுவுல போன இருபது பேரும் நிக்கவே இல்ல. இடைவேளையில போன யாருமே ஆறு நிமிஷத்துக்குக் கொறஞ்சு நிக்கல. சராசரி முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிடுச்சு."

தலைமையாசிரியை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார். கீழ்த்தளத்தில் விருந்தினருக்கென்று பூட்டியே கிடந்த மூன்று கழிப்பறைகளின் சாவி. "விருந்தாளிங்க வந்தா என்ன பண்றது?" என்று முணுமுணுத்தார்.

"இந்த வருஷம் ரெண்டு பேர்தான் வந்திருக்காங்க மேடம்."

படம் இப்போது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. சின்ன வகுப்புப் பெண்கள் முண்டியடித்து, "இதுல நான் எந்தப் புள்ளிக்கா?" என்று கேட்கிறார்கள். அத்தனை பேருக்கும் மீட்டர் சளைக்காமல் காட்டுகிறாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ஒன்பது ஒன்பதாகவே நிற்கிறது. பேருந்தும் நேரத்துக்கு ஓடுகிறது.

ஐந்து அறைகளும் திறந்திருந்த முதல் இடைவேளையில், வெளியே வந்த மீட்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம். பேனாவை மூடிக் கொண்டையில் செருகிக்கொண்டு குழாயைத் திறந்தாள். சோப்பை எடுத்து, ராணி மாதிரி நிமிர்ந்து நின்று, இடது உள்ளங்கையை நிதானமாகத் தேய்த்துக் கழுவினாள்.