மழைக்கு ஒதுங்கிய மன்னர்கள்

கம்ப்யூட்டருக்கு ஆட்டம் எழுதுகிற தொழிலில், எழுதுகிற ஆளைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது விளையாட்டு. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள் என்று நம்புகிறேன். மாட்டாதவர்கள் ஒரு கல்யாண வீட்டில் சமைத்துப் போட்டிருந்தால் போதும், என் கஷ்டம் புரிந்துவிடும்.

படம் இல்லாத ராஜ்யம்

எண்பதுகளின் நடுவில் கேமரன் மலையில், பிரிஞ்சாங் என்கிற ஊரில், ஒரு டிவி ரேடியோ கடையில் வேலை பார்த்தேன். ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அப்பா ஃபேக்டரியில் தூள் சலிப்பவர். ஐந்தாம் படிவம் முடித்து, ஈப்போவில் மாமா வீட்டில் தங்கிக் கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் படித்தேன் என்பதற்காகவே கடை முதலாளி லிம் என்கிற சீனர் என்னை வேலைக்கு எடுத்தார். நாங்கள் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். கியா பார்ம் காய்கறித் தோட்டக்காரர்கள் வாங்குவார்கள் என்று நினைத்து அவர் ஈப்போவிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தார். டிவியோடு இணைக்கிற சின்னப் பெட்டி. முட்டைக்கோஸ் விற்கிறவர்களுக்கு அது எதற்கு? யாரும் வாங்கவில்லை.

"சும்மா கிடக்குது லா, ரோஸ், ஏதாவது செய்ய வை" என்றார். ரோஸ் நான்தான்; லா என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்கிற வால். கேமரன் மலையில் மழைக்குப் பஞ்சமில்லை. எங்கள் கடை வாசலில்தான் பஸ் நிற்கும். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் சில்லறை கொடுத்து விளையாட ஒரு ஆட்டம் எழுதுகிறேன் என்றேன். பழைய காலத்துக் கோட்டை, குடியானவர்கள், மந்திரவாதி, மலைமேல் நெருப்பு கக்கும் டிராகன். விளையாடுகிறவர்தான் ராஜா. மந்திரி வந்து கேள்வி கேட்பார், ராஜா எண்ணை அழுத்தி முடிவு சொல்ல வேண்டும். கடைசியில் டிராகனைக் கொன்றால் வெற்றி. எல்லாமே எழுத்துதான். தமிழ் எழுத்து அதில் வராது என்பதால் மலாய் மொழியில் எழுதினேன். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது என் வேலை. அதாவது, மந்திரியும் நான்தான்.

ராத்தூக்கம் கெட்டு எழுதி முடித்ததை முதலில் அந்தோணியிடம் காட்டினேன். கடையில் டிவி ரிப்பேர் செய்கிறவர், எங்கள் சர்ச்சில் பாட்டுக்குழுவை நடத்துகிறவர். திரையை மேலிருந்து கீழ்வரை படித்தார். டிவிக்குப் பின்னால் போய் ஒயரை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "படமும் இல்ல, சத்தமும் இல்ல. இதுக்கு எதுக்கு டிவி? ஒரு தாள்ல எழுதி செவுத்துல ஒட்டிட்டா போச்சு."

ராஜாவுக்கு மேலே யாரு?

முதல் மன்னர் ராமையா கிராணி. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதியே தலைநரைத்தவர். ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்தார். "அறுவடை மோசம். குடிகள் வரியைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்கலாமா, கூட்டலாமா, காவலரை அனுப்பலாமா?" என்று திரை கேட்டது.

"இதுக்கு ஆர்டர் யார் குடுக்கணும்?"

"நீங்கதான் ஐயா. நீங்கதான் ராஜா."

"அது சரிம்மா. ராஜாவுக்கு மேலே யாரு?"

யாருமில்லை என்றேன். அவர் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. இத்தனை வருடம் துரையிடம் கேட்காமல் ஒரு மண்வெட்டிகூட வாங்கியிராத மனிதர். திடீரென்று ஒரு தேசத்தையே கையில் கொடுத்தால் என்ன செய்வார்? பஸ் வந்ததும் தப்பித்தோம் என்று எழுந்து போனார். எனக்குப் பாவமாகிவிட்டது. அன்றைக்கே நாலாவதாக ஒரு பதிலைச் சேர்த்தேன்: "பிறகு யோசித்துச் சொல்லலாம்." அடுத்த வாரம் வந்தவர், எல்லாக் கேள்விக்கும் அதையே அழுத்தினார். வரி ஏறவில்லை, இறங்கவில்லை. காவலர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். யார் ராஜ்யமும் அவருடையது போல நீடிக்கவில்லை. எழுந்திருக்கும்போது முகமெல்லாம் நிம்மதி. "நம்ம ஆபீஸ் மாதிரியே நல்லா ஓடுதும்மா" என்றார்.

நாகத்துக்குப் பால்

மலாயில் டிராகனுக்கு 'நாகா' என்று பெயர். அதில் இருந்த வில்லங்கம், காளியம்மாக்கா வந்து உட்காரும் வரை எனக்கு உறைக்கவில்லை. காளியம்மாக்கா எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு வந்தால் பஸ் வரும்வரை கடையில்தான் இருப்பார். திரையில் 'நாகா' என்று வந்ததை நான் வாசித்ததும் காலை இழுத்துச் சம்மணம் போட்டுக் கும்பிட்டார்.

"அக்கா, இது பாம்பில்ல. றெக்கை இருக்கும், நெருப்பு கக்கும். ஊரை எரிக்குது. ஈட்டிக்காரன அனுப்பலாமா, மந்திரவாதிய அனுப்பலாமா?"

"பேரு நாகம்னு நீயேதானே சொன்ன? புத்துல பால் ஊத்தச் சொல்லு."

அப்படி ஒரு பதில் இதில் இல்லை என்றேன். வேறு எதையும் அழுத்த மாட்டேன் என்றார். பின்னால் வரிசையில் நின்ற பூக்காரர்கள் இரண்டு பேர், அக்கா சொல்வதுதான் சரி என்று சேர்ந்துகொண்டார்கள். வேறு வழி? பால் ஊற்றுகிற பதிலைச் சேர்த்தேன். அதன்பிறகு ஈட்டியை யாரும் தொடவில்லை. எல்லோரும் பால் ஊற்றினார்கள். நாகமும் குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டது. ஆட்டத்துக்கு முடிவே இல்லாமல் போனதை நான் எடுத்துச் சொன்னபோது காளியம்மாக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சாமிய அடிச்சுத்தான் ஆட்டம் முடியணும்னா, அது முடியாமலே இருக்கட்டும், பிள்ளை."

தவுக்கேயின் ஓங்

சரி, சீனர்களாவது கொல்வார்கள் என்று இருந்தேன். அவர்களுக்குப் பாம்புக் குழப்பம் கிடையாது, டிராகன் என்றால் டிராகன்தான். ஒரு மழை நாளில் தவுக்கேயே விளையாட உட்கார்ந்தார். வரி, அரிசி, கோட்டைச் சுவர் எல்லாவற்றையும் கடை நடத்துவது போலவே நடத்தினார். டிராகன் முறை வந்தது. இதைக் கொன்றால் ஜெயிக்கலாம் என்று விளக்கினேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தவர், கடை மூலையில் ஊதுவத்தி ஏற்றிவிட்டுத்தான் திரும்பி வந்தார். சீனர்களுக்கு ஓங் என்றால் அதிர்ஷ்டம், அதைக் கொண்டுவருவதே டிராகன்தான். "கடைக்குள்ள டிராகனக் கொல்றதா? ஓங் எல்லாம் போயிடும் லா ரோஸ், பைத்தியமா உனக்கு?"

பேர் இல்லாத ஆட்கள்

ஆட்டத்தில் ஒரு போர் உண்டு. பக்கத்து நாட்டு ராஜா படையோடு வருவான். எத்தனை வீரரை அனுப்ப என்று மந்திரி கேட்பார். பெரும்பாலானவர்கள் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டு நகத்தைக் கடிப்பார்கள். காளியம்மாக்காவிடம் இதே கேள்வி வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் திரும்பி என்னையே கேட்டார்.

"யாரை அனுப்புறது?"

"எத்தனை பேருன்னு மட்டும் சொல்லுங்கக்கா."

"எத்தனைங்கிறது இருக்கட்டும். யார் யாருன்னு சொல்லு. ஒத்தப் புள்ளையா, புது மாப்பிள்ளையா, ஒண்ணும் தெரியாம எப்படி அனுப்புறது?"

பெட்டியில் மெமரி கொஞ்சம்தான், டிராகனுக்கே பாதி போய்விட்டது, பேர் வைக்க இடமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நல்ல பதிலாகப் படவில்லை. அக்காவின் ஒரே மகன் முருகேசு பட்டாளத்தில் சேர்ந்து எல்லைப்பக்கக் காட்டில் இருந்தான். ரோந்து போகிறோம், துப்பாக்கி தூக்குகிறோம் என்று எப்போதாவது எழுதுவான். அந்தக் கடிதம் வந்த வாரம் முழுக்க அக்காவுக்குச் சோறு இறங்காது. இது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பஸ் வந்துவிட்டது. மீனும் காயும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "பேருகூடத் தெரியாத புள்ளைய சாவச் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல, பிள்ளை."

அந்தோணியின் ஆல்டோ

இந்த இடத்தில் என் தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொள்ளவும். அப்போதெல்லாம் எழுதின ஆட்டத்தைக் கேசட்டில்தான் பதிந்து வைப்போம், பாட்டுக் கேசட் போலவே இருக்கும். ஒரு நாள் காலை அதைப் போட்டேன். கம்ப்யூட்டர் முழித்தது. டேப் ரேடியோவில் போட்டுக் கேட்டால் சர்ச் பாட்டு. அந்தோணி வெற்றுக் கேசட் என்று நினைத்து சர்ச்சுக்கு எடுத்துப்போய்ப் பாட்டுக்குழுவின் ஒத்திகையைப் பதிந்திருந்தார். இன்னொரு பிரதி வைத்திருந்தேன். மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் அதில் பூஞ்சை பிடித்துப்போயிருந்தது. கோட்டை, குடிகள், போர் எல்லாம் பாட்டுக்குழுப் பெண்களின் தாழ்ந்த ஆல்டோக் குரல்களுக்கு அடியில் போய்விட்டன. கடைக்குப் பின்னால் போய் அழுதேன். பள்ளி விடுமுறைக்கு முன்னால் ஆட்டம் ஓடாவிட்டால் பெட்டியை ஈப்போவுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று தவுக்கே சொல்லிவிட்டார். பெட்டி போனால் என் வேலையும் போகும்.

அந்தோணி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தன் ரிப்பேர் மேசையைத் துடைத்து, கம்ப்யூட்டரை அதில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எல்லோரும் விளையாடியதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மந்திரியின் கேள்விகள் மனப்பாடமாகியிருந்தன. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கிராணியின் நாலாவது பதில்கூட விடுபடவில்லை. டிராகன் பகுதி வந்ததும் கையை எடுத்துவிட்டேன். இதை விட்டுவிட்டால் வீரர்களுக்கெல்லாம் பேர் வைக்கலாம். ஆனால் டிராகன் இல்லாத ராஜாக் கதையை யார் மதிப்பார்கள்? அவரைக் கேட்டேன். ஸ்க்ரூ டிரைவரால் காதைச் சொறிந்துகொண்டே பதில் சொன்னார்: "டிராகனுக்கு அழறதுக்கு அம்மா இல்ல. எடுத்துரு."

அரண்மனைச் சமையல்காரன்

புது ஆட்டத்தில் படைக்கு ஆள் அனுப்பச் சொன்னால் பேர்கள் வந்து நிற்கும். அகமது, மூத்தவன். ஆ சோங், போன மாதம் கல்யாணமானவன். சுப்பையா, கண் தெரியாத அப்பாவோடு இருப்பவன். அனுப்ப மனமில்லாதவர்கள் அரிசி கொடுத்துச் சமாதானமும் செய்யலாம். காளியம்மாக்காவுக்கு முழுவதும் வாசித்தேன். நாகம் எங்கே என்று கேட்டார். போய்விட்டது என்றேன், பால் குடித்தால் போய்விடும் என்று ஒத்துக்கொண்டார். ஒருவனையும் போருக்கு அனுப்பவில்லை. பாதி அரிசியைப் பக்கத்து ராஜாவுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, மீதியில் கஞ்சி காய்ச்சச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். முருகேசு பேரையும் சேர்க்க முடியுமா? படையில் வேண்டாம், சமையல்கட்டில். அங்கே குளிராது. சேர்த்துக்கொடுத்தேன்: முருகேசு, அரண்மனைச் சமையல்காரன்.

தீபாவளிக்கு முருகேசு லீவில் வந்தான். ஆளே மாறி, தோள் அகன்று, பட்டாளத்துப் பூட்ஸோடு நின்றான். "இவன் பேரைக் காட்டு பிள்ளை" என்று அக்கா பெருமையாக இழுத்து வந்து உட்காரவைத்தார். அவன் படித்தான். முகம் சிவந்துவிட்டது. சட்டென்று அம்மா பக்கம் திரும்பினான்.

"யாரும்மா உனக்குச் சொன்னது?"

எனக்கும் புரியவில்லை, அக்காவுக்கும் புரியவில்லை. அவனே மென்று விழுங்கிச் சொன்னான். சேர்ந்த நாளிலிருந்து அவனைப் போட்டது கேம்ப் சமையலுக்குத்தான். துப்பாக்கி தூக்கப் போகிறேன் என்று லயமெல்லாம் சொல்லிவிட்டுப் போனவனுக்கு, வெங்காயம் உரிக்கிறேன் என்று எழுத வெட்கம். ரோந்து, காடு எல்லாம் அடுத்தவன் வாயால் கேட்டு எழுதியது.  இத்தனை நாள் பட்டினி கிடந்ததற்கு அக்கா ஓங்கி ஒன்று கொடுப்பார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். மகனின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். அழுகையும் சிரிப்புமாக என்னிடம் திரும்பினார். "பாத்தியா பிள்ளை, நாம இங்க மாத்திப் போட்டதும் அங்கேயும் மாத்திட்டாங்க!"

ஈப்போ வியாபாரி

இவ்வளவு பேர் விளையாடுகிறார்களே, கேசட் போட்டு விற்கலாம் என்று தவுக்கேக்கு ஆசை வந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு தாப்பா வழியாக இறங்கி ஈப்போவில் ஒரு கேசட் வியாபாரியிடம் போனார்.  வியாபாரி சிகரெட்டைக் கடித்துக்கொண்டு விளையாடினார். நல்ல தமிழ் பேசுவார். வரி போட்டார், கோட்டை கட்டினார், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். போர் வந்தது. அகமதுவையும் ஆ சோங்கையும் படித்தார். சுப்பையாவிடம் வந்ததும் சிகரெட்டை எடுத்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து படித்தார். கடைசியில் பாதி அரிசியைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டு, கேசட்டை என் கையில் திருப்பித் தந்தார். "சண்டைக்குக் கூப்பிட்டா ஒவ்வொருத்தனும் பேரோட வந்து நிக்கிறான், இதை வெச்சு எப்படி லா ஜெயிக்கிறது?"

ஆக, டிராகனும் இல்லாமல் போரும் இல்லாமல் விற்பனையும் இல்லாமல், மழை பெய்த நாளெல்லாம் ஆட்கள் அரியணைக்கு வரிசை நின்ற ஒரு ராஜ்யத்துக்கு நான் மந்திரியாக இருந்திருக்கிறேன்.