சி.ஆர்.பி. நாற்பத்தாறு

என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்து ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது பெரிய டாக்டர் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னார். ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒன்று பார்க்கிறோம், உடம்புக்குள் புண்ணோ சீழோ இருந்தால் அது ஏறும், ஆபரேஷன் ஆனதும் எல்லோருக்கும் ஏறத்தான் செய்யும், பிறகு இறங்கிக்கொண்டே வர வேண்டும். இறங்கியது மறுபடி ஏறினால் நெஞ்செலும்பில் கிருமி சேர்ந்திருக்கலாம், உடனே வந்துவிடுங்கள் என்றார். வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சில பேருக்குத் திரும்பத் திறந்து சுத்தம் செய்ய வேண்டிவரும் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன மாத்திரை விவரம் எதுவும் என் காதில் விழவில்லை.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடமாகப் பிஸிக்ஸ் எடுக்கிறேன். எண்களிடம் எனக்குப் பயமில்லை என்று ஒரு திமிர் உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலேயே ஒரு நோட்டில் கட்டம் போட்டு எல்லா ரிப்போர்ட்டையும் எழுதினேன். இதயத் தசை அடிபட்டால் ஏறும் ட்ரோபோனின், சிறுநீரகம் திணறினால் ஏறும் கிரியாட்டினின், அப்புறம் இந்த சி.ஆர்.பி. எது எவ்வளவு ஏறினால் ஆள் தேறுவார், எவ்வளவு ஏறினால் தேற மாட்டார் என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. ஆனாலும் விடவில்லை. "ப்ராக்ரஸ் கார்டு எப்படி இருக்கு டீச்சர்?" என்று அவர் கட்டிலில் இருந்தபடி கேலி செய்வார். பாஸ் என்பேன்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம். ஜெபக் குறிப்பு கொடுத்தால் பொத்தாம்பொதுவாகக் கொடுக்கக் கூடாது, இன்னது வேண்டும் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். பெண்கள் ஜெபக் குழுவின் வாட்ஸப்பில் நான் ஆஸ்பத்திரியின் கடைசி ரிப்போர்ட்டில் இருந்த எண்ணையே போட்டுவிட்டேன். சி.ஆர்.பி. ஏழு புள்ளி இரண்டு, குறைய வேண்டும். அது என்ன வஸ்து என்றே தெரியாத அக்காமார்கள் எல்லாம் காலையும் மாலையும் ஏழு புள்ளி இரண்டுக்காக ஜெபித்தார்கள். இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டு மெசேஜ் வரும்.

பத்தாம் நாள் பெருங்களத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லேப்பிலிருந்து ஒரு பெண் வந்து ரத்தம் எடுத்துப் போனாள். ஆஸ்பத்திரி பள்ளிக்கரணை பக்கம், ஒவ்வொரு தடவையும் அவரை அலைக்கழிக்க வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். பதினோரு மணிக்குப் போனில் ரிப்போர்ட் வந்தது. சி.ஆர்.பி. 46. தடித்த எழுத்தில்.

ஏழு எங்கே, நாற்பத்தாறு எங்கே. எட்டிப் பார்த்தேன். நெஞ்சோடு தலையணையை அணைத்துக்கொண்டு, மூன்று தலையணைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப்போனதுபோல் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தத் தையலை மறுபடி பிரிப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டியது. அவரிடம் சொல்லவில்லை. செக்கப்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பொய் சொல்லி கால் டாக்ஸி போட்டேன். படி இறங்கும்போதே குழுவில் தட்டினேன்: நாற்பத்தாறு, அவசரமாக ஜெபியுங்கள். கோவிலம்பாக்கத்து அக்கா உடனே உபவாசம் உட்கார்ந்துவிட்டதாகப் பதில் போட்டார். அவருக்கே சர்க்கரை வியாதி.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் அன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் நின்றது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் தலையணையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடுவார், நான் என் நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். சீக்கிரம் போங்க, ஹாரனாவது அடிங்க என்று டிரைவரை நச்சரித்தேன். அந்த மனிதர் திரும்பி அவரை ஒருமுறை பார்த்தார். "முன்னாடி பஸ்ஸு நின்னுகினு கீதுக்கா. சாருக்கு வலிக்காம இட்டுனு போறேன், நீ சொம்மா இரு" என்றார்.

பெரிய டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். டூட்டியில் இருந்தது ஒரு பெண் டாக்டர், என் பழைய மாணவிகள் வயசு இருக்கும். இரண்டு ரிப்போர்ட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"மேடம், எங்க லேப்ல டெசிலிட்டருக்குக் கணக்கு. இவங்க லிட்டருக்குப் போட்டிருக்காங்க. எங்களோடத பத்தால பெருக்கணும். எழுபத்திரண்டு இருந்தது நாப்பத்தாறா எறங்கியிருக்கு."

யூனிட். யூனிட் எழுதாத விடைக்கு அரை மார்க் குறைத்து எத்தனை பிள்ளைகளை அழ வைத்திருக்கிறேன். எண்ணுக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். வெட்கம் ஒரு பக்கம், ஸ்தோத்திரம் ஒரு பக்கம், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். முதல் வேலையாகக் கோவிலம்பாக்கத்து அக்காவுக்குப் போன் போட்டு ஏதாவது சாப்பிடச் சொன்னேன்.

டாக்டர் அதோடு விடவில்லை. வந்ததே வந்தீர்கள் என்று தையலைப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். எல்லாம் நன்றாக ஆறிவருகிறது என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உங்களுக்கு எப்படி இருக்கு சார் என்று அவரிடம் கேட்டார்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"தூக்கம் இல்ல டாக்டர். அன்னைக்கு மயக்க மருந்து குடுத்து கண்ண மூட வச்சாங்க. இப்போ கண்ண மூடினா மறுபடி திறப்பேனான்னு பயமா இருக்கு. வீட்டுக்கு வந்ததுலேருந்து உக்காந்துதான் இருக்கேன்."

அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது வலிக்காகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளும் அதே அறையில், அவருக்கு நாலடி தூரத்தில், போனும் கையுமாக இருந்தவள் நான். டாக்டர் இது நிறைய பேருக்கு வருவதுதான், பேசினால் குறையும், ஒரு மாத்திரையும் தருகிறேன் என்று தைரியம் சொன்னார். என் காதில் பாதிதான் ஏறியது.

திரும்பி வரும் வழியில், ஏங்க எங்கிட்ட சொல்லல என்று கேட்டேன். குரல் கோபமாகத்தான் வந்தது.

"நீ கேக்கவே இல்லையே," என்றார். குற்றம் சொல்கிற மாதிரிகூட இல்லை. அதுதான் சுட்டது.

வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. கஞ்சி குடித்தார். ஒரு தலையணையை எடுக்கச் சொன்னார், பிறகு இன்னொன்றையும். நீ இங்கதானே இருப்ப என்று கேட்டார். இங்கதான் இருப்பேன் என்று கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டேன். கொஞ்ச நேரம் என் விரலைப் பிடித்திருந்தார். பிடி தளர்ந்தது. தூங்கிவிட்டார்.

நான் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. ஒரு தடவை ஏறுவதற்குக் கொஞ்சம் தாமதமானது போலிருந்தது. அரை மணி நேரம்தான் எனக்குத் தாங்கியது. தோளைத் தொட்டு எழுப்பிவிட்டேன். பதறிக் கண்ணைத் திறந்தார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா தூங்கிட்டிருந்தேன்," என்றார்.